எட்டு என்றால் எவ்வளவு வலி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மனைவிக்கு 41 வயது. இரண்டு வருடமாக உடம்பு முழுக்க வலி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். கடைசியில் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் “பத்துக்கு எத்தனை வலி?” என்று கேட்கிறார்கள், அவரும் ஒவ்வொரு முறையும் “எட்டு” என்கிறார். மாத்திரையை மாற்றினாலும் எட்டு, கூட்டினாலும் எட்டு. “சர்க்கரையை அளக்கிற மாதிரி வலியை அளக்க ஒரு மெஷின் கிடையாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கிடையாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது: அந்த எட்டை நம்பலாமா? இதைத் தப்பாகச் சொல்லவில்லை. மனைவி பாத்ரூம் போயிருக்கும் நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி இதையே என்னிடம் கேட்ட கணவர்கள் பலர். மகன்களும் கேட்டிருக்கிறார்கள், ஒரு மாமியாரும் கேட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். பத்தொன்பது வருடத்தில் பெரும்பகுதி வாதநோய்ப் பிரிவிலும் வலி சிகிச்சைப் பிரிவிலும் போனது. மாத்திரையை முடிவு செய்வது என் வேலை இல்லை, அதைப் பற்றி இங்கே பேசவும் மாட்டேன். இந்த எண்களைக் கேட்பது, எழுதுவது, மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டு ஒப்பிடுவது, இதுதான் என் அன்றாடம். அந்த அளவில் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். இந்த நோயில் ரத்தப் பரிசோதனை நார்மலாக வருவது எதிர்பார்த்த முடிவுதான். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, கூடவே தைராய்டு எல்லாம் பார்ப்பது வேறு நோய் ஏதும் இல்லையென்று உறுதி செய்ய. “ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை” என்பதை “உடம்பில் ஒன்றும் இல்லை” என்று வீட்டில் மொழிபெயர்த்துக்கொள்வதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. 2002-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி, டேனியல் கிளாவ் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். இந்த நோய் உள்ளவர்கள் 16 பேர், இல்லாதவர்கள் 16 பேர். கட்டைவிரல் நகத்தின் மேல் அளந்து அழுத்தம் கொடுத்து, அதே நேரத்தில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். நோய் இல்லாதவர்களுக்கு 4 கிலோவுக்கு மேல் அழுத்தினால் வந்த வலி, நோயாளிகளுக்குச் சுமார் 2.4 கிலோவிலேயே வந்துவிட்டது. ஸ்கேனிலும் இரண்டு தரப்புக்கும் பெரும்பாலும் அதே பகுதிகள்தான் வேலை செய்தன. மிளகாய் அதேதான், நாக்கு வேறு. அழுத்தம் குறைவு என்பதால் வலி பொய்யாகிவிடவில்லை. ஆனால் இது குழுக்களை ஒப்பிட்ட ஆய்வு. இந்த ஸ்கேனை உங்கள் மனைவிக்கு எடுத்து “இவருக்கு வலி ஏழு” என்று சொல்ல இன்றைக்கும் முடியாது. யாராவது முடியும் என்று சொன்னால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விரலாலேயே அளந்துவிடலாம் என்று நம்பிய காலமும் உண்டு. 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட அளவுகோல்படி, உடம்பில் 18 இடங்களைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் 4 கிலோ. 11 இடங்களிலாவது வலித்தால், மூன்று மாதமாவது பரவலான வலி இருந்தால், ஃபைப்ரோமயால்ஜியா. நானும் அதைத்தான் படித்தேன். 4 கிலோ என்றால் எவ்வளவு என்று கைக்குப் பழக, எடை பார்க்கும் தராசின் மேல் விரலை வைத்து, முள் நான்கில் நிற்கும்வரை அழுத்திப் பழகினோம். நகநுனி வெளுக்கும், அதுதான் அடையாளம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலையில் அழுத்தினால் 9 இடம், தூங்காத மறுநாள் அழுத்தினால் 14 இடம். 10 இடம் வலித்தவருக்கு நோய் இல்லை, 11 என்றால் உண்டு என்பதற்கு என்ன நியாயம்? அழுத்த வலியை ஆண்களைவிடப் பெண்கள் சீக்கிரம் உணர்வதால், ஆண் நோயாளிகள் பலர் இந்தச் சல்லடையில் விழவே இல்லை. போதாக்குறைக்கு என் கட்டைவிரல் வேறு, என் சீனியர் கட்டைவிரல் வேறு.

2010-இல் அந்தக் கட்டைவிரலைக் கைவிட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், 1990 அளவுகோலுக்குத் தலைமை தாங்கிய பிரெட்ரிக் வுல்ஃப் தான் புதியதற்கும் தலைமை. 2016-இல் அது மறுபடி திருத்தப்பட்டது. இப்போது நடைமுறையில் பார்ப்பது இரண்டு எண்கள். உடம்பை 19 இடங்களாகப் பிரித்து, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை இடங்களில் வலித்தது என்று எண்ணுவது ஒன்று. களைப்பு, தூங்கி எழுந்தும் தூங்காத மாதிரி இருப்பது, மறதியும் மனத் தடுமாற்றமும் ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா ஒன்று கூட்டுவது இன்னொன்று. ஆக மொத்தம் 31. ஓர் உதாரணம் போடுகிறேன்: கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, இரண்டு தோள்கள், இரண்டு இடுப்புப் பக்கங்கள், இரண்டு தொடைகள், இது 9. களைப்பு 3, எழும்போது அசதி 3, மறதி 2, கூட ஒரு தலைவலி, இதுவும் 9. கூட்டினால் 18. முதல் எண் 7-க்கும் இரண்டாவது 5-க்கும் குறையாமல் இருக்கிறது, வலி உடம்பின் இரண்டு பக்கமும் மேலும் கீழும் நடுவிலும் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அளவுகோலின்படி பொருந்துகிறது. இந்தக் கணக்கில் ஏறக்குறைய பாதி வலியே இல்லை, தூக்கமும் களைப்பும் மறதியும்தான் என்பதைக் கவனியுங்கள். “பத்துக்கு எத்தனை” என்ற ஒற்றைக் கேள்வி அந்தப் பாதியைத் தொடுவதே இல்லை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். முடக்குவாதம் உள்ளவருக்கும் இந்த மதிப்பெண் உயர்ந்து வரலாம், இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கலாம். 2016 திருத்தம் அதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது. அதனால் மூட்டில் புதிதாக வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு கை அல்லது கால் பலமிழப்பது மாதிரி ஏதாவது வந்தால், “அது ஃபைப்ரோதான்” என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி அந்த எட்டுக்கு வருவோம். 0 முதல் 10 வரையிலான அளவு உலகம் முழுக்க உள்ளது. மோசமான கருவி இல்லை, மோசமாகக் கேட்கப்படும் கருவி. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனைக்கெட்டிய மிக மோசமான வலி. இந்தப் பத்து எங்கே நிற்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு குழந்தை பெற்றவர் பிரசவ வலியைப் பத்தில் வைத்திருப்பார். சிறுநீரகக் கல் வந்து தரையில் உருண்டவர் அதை வைத்திருப்பார். அதனால் உங்கள் மனைவியின் எட்டையும் பக்கத்து வரிசையில் இருப்பவரின் எட்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அவரது ஜனவரி எட்டையும் ஏப்ரல் எட்டையும் மட்டும்தான் ஒப்பிடலாம், அதுவும் கேள்வி ஒரே மாதிரி இருந்தால்.

கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. “எத்தனை?” என்றால் எப்போது எத்தனை? இந்த நிமிடத்திலா, நேற்று ராத்திரியிலா, கடந்த மாதம் முழுக்கவா? நினைவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரு வாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் மனசு ஏழு நாளைக் கூட்டி வகுப்பதில்லை. மிக மோசமான நேரத்தையும் கடைசி நேரத்தையும் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்கிறது. உளவியலாளர் டானியல் கானமன் குழு 1996-இல் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் இதைக் காட்டியது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்று ஆஸ்பத்திரிக்கு வந்து, பிறகு மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவரிடம் கேட்டால், அவர் சொல்வது பாதிக்கு மேல் அந்த பெஞ்சின் வலி.

என்னிடம் வந்த ஓர் அம்மா, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர், ஏழு மாதம் எட்டையே சொன்னார். ஒருநாள் கேள்வியை மாற்றினேன். “நாள்ல எந்த நேரம் கொஞ்சம் தேவலாம்?” யோசித்துவிட்டுச் சொன்னார்: “பதினோரு மணி வாக்குல, வெயில்ல துணி காயப்போடும்போது, மேடம். அப்ப ஒரு நாலு இருக்கும்.” ராத்திரி? “ரெண்டு மணிக்கு முழிச்சா ஒம்போது.” அந்த எட்டுக்குள் ஒரு நாலும் ஒரு ஒன்பதும் ஒளிந்திருந்தன. அதன் பிறகு அவரிடம் ஒவ்வொரு முறையும் நான்கு எண்கள் கேட்டேன்: இப்போது, கடந்த ஏழு நாளில் சராசரி, மிக மோசம், மிகக் குறைவு. மூன்று மாதம் கழித்து சராசரி ஏழுதான். ஆனால் மிகக் குறைவு இரண்டாக இறங்கியிருந்தது, ராத்திரி முழிப்பது வாரத்தில் ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளாகியிருந்தது. ஒற்றை எண்ணை மட்டும் கேட்டிருந்தால் “முன்னேற்றம் இல்லை” என்று எழுதியிருப்பேன். ஏழு மாதம் அப்படித்தான் எழுதினேன்.

எண் ஏன் இறங்குவதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சொன்னால் கோபப்படாதீர்கள். எட்டு என்று சொல்லியே நம்பாத வீட்டில், ஆறு என்று சொன்னால் என்ன ஆகும் என்று நோயாளி கணக்குப் போடுகிறார். அது பொய் இல்லை, தற்காப்பு. வலியைப் பற்றிய உலகளாவிய ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் கூடவே எழுதியது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அடுத்தவர் வலியைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், மருத்துவப் பணியாளர்கள் உட்பட, என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் விதிவிலக்கு இல்லை. சிரித்துக்கொண்டே எட்டு என்று சொல்பவருக்கு மனசுக்குள் ஐந்து போட்டிருக்கிறேன்.

அப்படியானால் எவ்வளவு இறங்கினால் உண்மையான முன்னேற்றம்? இதற்கு ஓரளவு நல்ல பதில் உண்டு. ஜான் ஃபாரர் குழு 2001-இல் பத்து மருந்து ஆய்வுகளில் இருந்த 2,724 பேரின் எண்களை அலசியது. அதில் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளும் உண்டு. “நல்லாவே குறைஞ்சிருக்கு” என்று நோயாளிகளே சொன்னபோது எண் சுமார் இரண்டு புள்ளி, அதாவது ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கியிருந்தது. எட்டு ஏழானால் பெரிதாகக் கொண்டாட வேண்டாம், ஏழு எட்டானால் பதறவும் வேண்டாம். எட்டு ஐந்தரைக்கு வந்தால் அது விஷயம். பூஜ்யத்துக்காகக் காத்திருப்பவர்கள் நல்ல சிகிச்சையையும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

எண்ணில் அடங்காத இன்னொன்று, வலியின் ஜாதி. ரொனால்ட் மெல்சாக் 1975-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வலி வினாத்தாளில் 78 வார்த்தைகள், 20 தொகுதிகளாக இருக்கும். நோயாளி பொருந்துவதை எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அப்படி ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுக்கவே தேவையில்லை. குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், குத்தல், இழுவை, பிடிப்பு, மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுருக்கென்று பாய்வது, அடித்துப் போட்ட மாதிரி இருப்பது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் வேறு வேறு வலிகள். கால் “குடையுது” என்பவரும் “காந்துது” என்பவரும் ஒன்றைச் சொல்லவில்லை. காந்தல், எரிச்சல், கரன்ட் அடிப்பது என்றால் நரம்பையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். “ராத்திரி முழுக்க யாரோ உலக்கையால இடிச்ச மாதிரி” என்றால் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன். வார்த்தையை வைத்து நோயைப் பிரிப்பது என் கைப்பழக்கம், நிரூபித்த சூத்திரம் அல்ல. ஆனால் கேஸ் ஷீட்டில் ‘வலி 8/10’ என்று ஏறும்போது இதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது என்பது மட்டும் நிச்சயம்.

இந்த நோய்க்கென்றே செய்த வினாத்தாளும் உண்டு. அமெரிக்காவின் ஒரேகானில் கரோல் பர்க்கார்ட், ஷேரன் கிளார்க், ராபர்ட் பென்னட் மூவரும் 1991-இல் வெளியிட்டது, 2009-இல் திருத்தப்பட்டது. திருத்திய வடிவில் 21 கேள்விகள், எல்லாமே கடந்த ஏழு நாளைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10. தலை சீவ, 20 நிமிடம் தொடர்ந்து நடக்க, ஒரு மாடி ஏற, படுக்கை விரிப்பு மாற்ற, 45 நிமிடம் நாற்காலியில் உட்கார எவ்வளவு சிரமம் என்று ஒன்பது கேள்விகள். நோய் மொத்தமாக எவ்வளவு அழுத்துகிறது என்று இரண்டு. பிறகு வலி, தெம்பு, விறைப்பு, தூக்கம், மனச்சோர்வு, ஞாபகம், பதற்றம், தொட்டால் வலிப்பது, தடுமாற்றம், சத்தமும் வெளிச்சமும் வாசனையும் குளிரும் தாங்காமை என்று பத்து. முதல் பகுதியை மூன்றால் வகுத்து, கடைசிப் பகுதியை இரண்டால் வகுத்துக் கூட்டினால் மொத்தம் 100. இதில் நேரடியாக வலியைக் கேட்கும் ஒரே கேள்விக்கு அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள்: 100-க்கு 5. பல வருடம் இந்த நோயாளிகளோடு உட்கார்ந்தவர்கள் வலிக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். நாம் வருடக்கணக்காக அந்த ஐந்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழைய வடிவில் கார் ஓட்டுவதும் கம்பளத்துக்கு வாக்யூம் போடுவதும் இருந்தன. எங்கள் நோயாளிகளில் ஒருவர் “வாக்யூம்னா என்ன மேடம்?” என்று கேட்டுவிட்டு, பாவம், அதிகபட்ச மதிப்பெண்ணையே போடச் சொன்னார். நான் இப்போது கூடவே வேறு சிலதும் கேட்கிறேன்: தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்ற முடிகிறதா, போர்வையைப் பிழிய முடிகிறதா, சப்பாத்தி மாவு பிசைந்தால் எத்தனை நேரத்தில் மணிக்கட்டு கடுக்கிறது, தரையில் உட்கார்ந்தால் எதையும் பிடிக்காமல் எழ முடிகிறதா. இதற்கு அதிகாரபூர்வ மதிப்பெண் கிடையாது. அதே ஆளை அதே ஆளோடு ஒப்பிட மட்டும் பயன்படும். எனக்கு அது போதும்.

வலி நாட்குறிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. ஆர்தர் ஸ்டோன் குழு 2002-இல் ஒரு குறும்பு செய்தது. நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குக் காகித நாட்குறிப்பு கொடுத்தார்கள். அந்த அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு சிப் ஒளிந்திருந்தது, எப்போது திறக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள. சொன்ன நேரத்துக்கு எழுதியதாக நோயாளிகள் காட்டிய பதிவு 90 சதவீதம். உண்மையில் அந்த நேரத்தில் எழுதியது 11 சதவீதம். எனக்கு ஆச்சரியமே இல்லை. பதினான்கு நாள் பதிவை ஒரே பச்சைப் பேனாவில், ஒரே சாய்வில், வராந்தாவில் உட்கார்ந்து நிரப்பிக் கொண்டுவந்தவரை எனக்குத் தெரியும். அவர் ஏமாற்றவில்லை, எனக்கு வருத்தம் வரக்கூடாதென்று எழுதினார். அதனால் நாளுக்கு நான்கு முறை எழுதச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். மணிக்கு மணி வலியைக் கவனித்துக்கொண்டே இருந்தால் சிலருக்கு அது கூடுவதுபோலவும் எனக்குத் தோன்றியிருக்கிறது, அழுத்திச் சொல்லும் அளவுக்கு இல்லை.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன், யூடியூபில் எப்படியும் பார்ப்பீர்கள். தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால் இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருக்கின்றன. உண்மைதான், ஆனால் அந்தக் குறைவும் வலியின் அளவும் கைகோத்துப் போவதாக நிலைநாட்டப்படவில்லை. 2021-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த குழு நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளை எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகளுக்கு வலி உணர்வு கூடியது. சுவாரசியமான பாதை, ஆனால் அதை வைத்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் நோயைக் கணிக்கும் அளவுகோலில் இன்னும் இடம்பெறவில்லை. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் எத்தனை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார் என்று சொல்லும். ஏழு மணி நேரம் படுத்தும் ஏன் அடித்துப் போட்ட மாதிரி எழுகிறார் என்று அதற்குத் தெரியாது. இந்த நோயின் தூக்கப் பிரச்சினையே அதுதான்.

அடுத்த முறை போவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். ராத்திரி படுக்கும் முன், ஒரே முறை, காலண்டர் தாளின் ஓரத்தில் மூன்று எண்கள்: இன்றைய மோசமான வலி, இன்றைய குறைந்த வலி, காலையில் எழுந்தபோது இருந்த களைப்பு. ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுவிடட்டும், பின்னால் நிரப்ப வேண்டாம். கூடவே, உங்கள் வீட்டில் அவர் செய்ய விரும்பி முடியாமல் போகிற ஒரே ஒரு வேலையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மாடியில் துணி காயப்போடுவதோ கோயில் பிராகாரம் ஒரு சுற்றோ, எதுவானாலும். அது இந்த மாதம் எவ்வளவு, மூன்று மாதம் கழித்து எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எட்டைவிட அது அவருக்கு உதவும்.

எழுதுவது அவராக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம். ஓபி அறையில் “எத்தனை?” என்று கேட்கும்போது, உங்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அப்படிப் பார்த்தால், அடுத்த முறை அந்த இரண்டு நிமிடம் வெளியே போய் மருந்துக் கவுன்டர் வரிசையில் நின்றுகொள்ளுங்கள்.